முடுக்குக்குள் வந்த கப்பல்

காயல்பட்டினத்தில் வீட்டுக்கு இரண்டு வாசல். தெருவாசல் ஆண்களுக்கு, முடுக்கில் திறக்கும் பின்வாசல் பெண்களுக்கு. முடுக்கு என்றால் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய சந்து. தெருவில் தலைகாட்டாமல் பெண்கள் அதன் வழியாகவே வேண்டிய வீட்டுக்குப் போய்விடலாம். போகிற போக்கில் யார் வீட்டில் என்ன ஆணம் கொதிக்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

யுஸ்ராவின் ஆபீஸ் இந்த முடுக்கில்தான் நடந்தது. தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்குகளுக்குக் கப்பல் பத்திரம் தயாரிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. கொரோனாவில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய முதலாளி, கட்டட வாடகை மிச்சமாவதைக் கண்டு அப்படியே விட்டுவிட்டார். காலையில் வீடியோவில் கூட்டம், பகலெல்லாம் சாட். எல்லோருக்கும் பொதுவாகத் திரையில் ஒரு போர்டு. அதில் கன்டெய்னருக்கு ஓர் அட்டை. பத்திரத்தைச் சரிபார்த்ததும் அட்டையை வலப்பக்கம் இழுத்துவிட வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். மானேஜர் சுடலைக்கண்ணு மனுஷர்களை நம்புவதைவிட அந்தப் புள்ளியை அதிகம் நம்பினார்.

கணவன் அஃப்ஸல் தம்மாமில் இருந்து அனுப்பும் பணத்தில் குடும்பம் குறையில்லாமல் நடந்தது. ஆனால் இந்த வேலை அவளே தேடிக்கொண்டது. அவள் பெயரில் ஒரு புள்ளி எரிகிறது என்பதில் அவளுக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை உண்டு. அது போய்விடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

நெட் போய்விட்டால் ஒரு கையில் லேப்டாப், இடுப்பில் பிள்ளை என்று முடுக்கில் இறங்குவாள். பெரியம்மா மகள் மரியம் வீட்டில் வேறு கம்பெனி நெட். அதுவும் இழுத்தால் சின்னம்மா முறையான சாச்சி வீடு. யாரும் கதவைத் தட்டி அனுமதி கேட்பதில்லை; கேட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். "ஏளா யுஸ்ரா, ஒன் கப்பல் கெளம்பிட்டா?" என்று சாச்சி அடுப்படியிலிருந்தே விசாரிப்பாள். கப்பல் கிளம்புமுன் பத்திரம் போய்ச் சேராவிட்டால் சரக்கு கரையிலேயே நின்றுவிடும் என்பது முடுக்குக்கே பாடமாகிவிட்டிருந்தது.

மரியம் பி.காம். படித்தவள். கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு கல்யாணம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவளுடைய பகல் நீண்டு கிடந்தது. முதலில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பிறகு கன்டெய்னர் நம்பர்களை வாசித்துக் கொடுத்தாள். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யுஸ்ரா எழுந்து ஓட, சாட்டில் வந்த கேள்விக்கு மரியமே பதில் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒருத்தி தொழப் போனால் மற்றவள் கப்பலைப் பார்த்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. பாஸ்வேர்டு பிள்ளையின் பெயர். அது சாச்சிக்கும் தெரியும். பின்வாசலுக்கே பூட்டுப் போடாத ஊரில் லேப்டாப்புக்கு மட்டும் எதற்கு என்று யுஸ்ரா நினைத்திருக்க வேண்டும். உண்மையில் அவள் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஒரு காலைக் கூட்டத்தில் சுடலைக்கண்ணு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "யுஸ்ராவப் பாருங்க. சாயங்காலமானா மத்தவங்க டீக்குப் போயிருதீங்க. அவங்க புள்ளி மட்டும் அணையவே இல்ல. நேத்து கன்டெய்னர் சீல் நம்பர்ல இருந்த தப்பப் புடிச்சாங்களே, விட்ருந்தா சரக்கு எறங்குற துறைமுகத்துல போய் மாட்டியிருக்கும்."

அந்தத் தப்பைப் பிடித்தது மரியம். கேமராவுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தவள், "என்னையல்லா சொல்லுதாரு" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் யுஸ்ராவின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுஸ்ரா அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்க வேண்டாம்.

அடுத்த வாரம் கம்பெனி புதிதாக ஒரு பாதுகாப்பு சாப்ட்வேர் போட்டது. ஒரே கணக்கு பகலில் வீடு வீடாகத் தாவுவதைக் கண்டதும் அது திருட்டு என்று முடிவு கட்டி யுஸ்ராவின் கணக்கைப் பூட்டிவிட்டது. அன்றைக்கு இறால் கன்டெய்னர் ஒன்று ஏற வேண்டும். சுடலைக்கண்ணு பதறிப்போய் போனில் வீடியோவில் வந்தார்.

"யுஸ்ரா, சிஸ்டம் பூட்டிட்டு. பல வீட்டு நெட்ல இருந்து வேலை நடந்திருக்குங்கு. கரண்ட் போயிருக்கும், நீங்க வீடு மாறியிருப்பீங்க, எனக்குப் புரியுது. மேல உள்ளவங்க கேக்குதாங்க. நீங்க மட்டுந்தான வேல பாத்தீங்க? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. தொறந்து விடச் சொல்லுதேன்."

மரியம் அடுப்படி வாசலில் நின்று உதட்டில் விரலை வைத்தாள். வேண்டாம் என்று தலையையும் ஆட்டினாள். ஒரே ஒரு 'ஆமா' போதும். புள்ளி மறுபடி எரிந்துவிடும். யுஸ்ராவும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அன்றைக்குச் சிரித்து ஓய்ந்த அந்த முகம் குறுக்கே வந்து நின்றது.

"இல்ல சார். இவங்களும் பாத்தாங்க." போனைத் திருப்பினாள். மரியம் அவசரமாகத் துப்பட்டியைத் தலைக்கு இழுத்தாள். "எங்க மரியம் லாத்தா, பெரியம்மா மவ. அந்த சீல் நம்பரப் புடிச்சது இவங்கதான்."

சுடலைக்கண்ணு, "நான் ஒரு வார்த்ததானம்மா கேட்டேன்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் வேலை கிடையாது என்பது கம்பெனி விதி. யுஸ்ரா அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள், வேலை போய்விட்டது. மரியம் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. மீறுவதற்கு அவளுக்கு விதியே இல்லை. வேலை தெரிந்த ஆள் உடனே வேண்டும் என்று தவித்த சுடலைக்கண்ணு, அவளுக்கு ஆன்லைனில் ஒரு பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொண்டார்.

மரியம் முதலில் மாட்டவே மாட்டேன் என்றாள். "ஒன் சோத்துல நான் கைய வைக்கவா?"

"எனக்குத்தான் போயிட்டு லாத்தா. ஒங்களுக்கும் ஏன் போவணும்?" என்றாள் யுஸ்ரா. நல்ல மனதோடுதான் சொன்னாள். அன்று இரவு அழவும் செய்தாள்.

இப்போது மரியம் வீட்டுக் கூடத்தில் மரியம் பெயரில் பச்சைப் புள்ளி எரிகிறது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. யுஸ்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பழக்கதோஷத்தில் அங்கேதான் வந்து உட்காருகிறாள்.

நேற்று சாயங்காலம் அசர் பாங்கு சொன்னதும் மரியம் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய உள்ளே போனாள். லேப்டாப் டிங் என்றது. தூத்துக்குடியிலிருந்து கூட வேலை பார்க்கும் சுஜிதா ஒரு கன்டெய்னரின் எடையைக் கேட்டிருந்தாள். எடை யுஸ்ராவுக்குத் தெரியும். சற்றுமுன் மரியம் வாய்விட்டு வாசித்தது காதில் விழுந்திருந்தது. கை தன்னால் கீபோர்டுக்குப் போனது. போன கையை இழுத்துப் பிள்ளையின் முதுகில் வைத்துக்கொண்டாள்.

"லாத்தா," என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஒங்க கப்பல் கூப்பிடுது."