வேலனின் ஃப்ளாஷும் நாலு கடிகாரமும்

வேலனின் அப்பா உடுமலைப்பேட்டைத் தோப்புகளில் தேங்காய் உரித்தவர். மகன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தபோது, வேலை வெட்டி இல்லாதவர்கள் கணக்கில் அவனையும் ஊர் சேர்த்துவிட்டது. தொண்ணூற்றொன்றில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோ போட்ட பிறகுதான் கொஞ்சம் வாயை மூடியது.

கல்யாணம் எடுப்பதில் அவனுக்கு இருந்த ஒரே தலைவலி ஃப்ளாஷ். புதிதாக நாலு பென்சில் செல் போட்டாலும் கடைசிப் பந்தி வருவதற்குள் சோர்ந்துவிடும். ஃப்ளாஷின் முதுகில் இருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அடுத்த படம். அது எரிவதற்குள் சாப்பிடுகிறவர் பாயசத்துக்கு வந்திருப்பார்.

மூன்று வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, ஆனி மாசக் கடைசியில் கோயமுத்தூர் போனான். ஒப்பணக்கார வீதிக் கடையில் பாலகோபால் என்பவர், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் செல்லில் இரண்டு வகையை எடுத்துப் போட்டார்.

"இது விலை கம்மிங்க, சார்ஜும் கொஞ்சமாத்தான் புடிக்கும். கல்யாண வேலைன்னா இந்தப் பெரிசை எடுத்துக்கங்க. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலைல எடுத்து மாட்டிக்கங்க."

வேலன் பெரிசையே எடுத்தான். காலையில் மாட்டச் சொன்னதைப் பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. புதுப்பொருளை நல்ல நாளில்தான் தொடங்கவேண்டும் என்று அவன் மனைவி பாவாத்தாள் பிடிவாதமாக இருந்ததால், பதினெட்டாம் பெருக்கன்று சார்ஜ் போட்டார்கள். பாவாத்தாள் நாலு செல்லுக்கும் சந்தனப் பொட்டு வைத்து முருகன் படத்தின் அடியில் வைத்தாள். ஆவணி முதல் முகூர்த்தம் வரை யாரும் தொடக்கூடாது என்று ஏற்பாடு. மூடி வைத்த குடத்துத் தண்ணீர் மாதிரி உள்ளே போனது அப்படியே இருக்கும் என்று இருவரும் நம்பினார்கள். சும்மா வைத்தாலே கசிகிற குடம் அது என்று யார் கண்டது?

அந்த முதல் முகூர்த்தம், தோப்புக்காரர் திருமூர்த்தியின் மகள் கல்யாணம். கோயமுத்தூரிலிருந்து ஆளைக் கூப்பிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "நம்ம வேலன் எடுப்பானுங்க" என்று சொல்லிவிட்டார் திருமூர்த்தி. வேலனின் அப்பா தேங்காய் உரித்தது அவர் தோப்பில்தான். இந்தப் படம் கெட்டால் இனி அந்தப் பக்கத்துப் பெரிய வீடு எதுவும் அவனைக் கூப்பிடாது. கூப்பிட்டவர் தலையும் குனியும்.

முந்தின நாள் சாயங்கால வரவேற்பைப் பழைய பென்சில் செல்லிலேயே தீர்த்து, அவற்றைக் குப்பையில் எறிந்துவிட்டான். விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பொட்டு வைத்த செல்களை மாட்டினான். தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவர் சகோதரியை வைத்துச் செய்யும் இணைச்சீர் வரை ஃப்ளாஷ் பட் பட்டென்று அடித்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. பழைய செல்லாவது சோர்ந்து சோர்ந்து ஜாடை காட்டும். இது அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை.

தாலி கட்டக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வேலன் மண்டபத்துப் பின்னறைக்கு ஓடினான். அங்கே பரிசுப் பொருட்களுக்குக் காவலாக ராசாத்தாள் உட்கார்ந்திருந்தார். திருமூர்த்தியின் அக்கா, கணவரை இழந்தவர். மணவறைப் பக்கம் வரவேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை.

"ஏங்கண்ணு, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது?"

"ஃப்ளாஷ் நின்னு போச்சுங்க ஆத்தா. நாலு பென்சில் செல்லு வேணுமுங்க. கடையெல்லாம் சாத்திக் கெடக்குதுங்க."

ராசாத்தாள் பரிசுக் குவியலைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று தெரியாதவர்கள் எல்லோரும் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்து வண்ணக் காகிதத்தைக் கிழித்தார். பெட்டிக்குள் ஓரமாக ஒரு பென்சில் செல்.

கூட இருந்த சுப்பாத்தாள் பதறினார். "முகூர்த்த நேரத்துல கடியாரத்துச் செல்லை எடுக்கறதாக்கா? ஆகாதுங்க."

"ஓடற கடியாரத்தை நிறுத்துனாத்தான் ஆகாது. இது இன்னும் ஓடவே ஆரம்பிக்கல" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைக் கிழித்தார் ராசாத்தாள்.

நாலு கடிகாரம், நாலு செல். ஆனால் அவை கடிகாரத்துக்குப் போதுமான சாதாச் செல்கள், ஃப்ளாஷுக்கு வேகம் போதாது. சிவப்பு விளக்கு எரிய நேரமெடுத்தது. சடங்கை நடத்திக்கொண்டிருந்த அருமைக்காரர் ராசப்பனுக்கு, பின்னறை வாசலைத் தாண்டாமலே ராசாத்தாள் ஆள் அனுப்பினார். முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருக்கிறது, வேலன் தலையாட்டிய பிறகு தாலியைக் கொடுங்கள் என்று. மண்டபமே அந்தச் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆச்சா வேலா?"

"ஆச்சுங்க."

கெட்டிமேளம் முழங்கியது. முடிச்சு விழுந்த நேரம், வெளிச்சமும் விழுந்தது.

நல்ல நாள் என்று பதினெட்டாம் பெருக்கன்றே சார்ஜ் போடவைத்ததைச் சொல்லிப் பாவாத்தாள் வீட்டில் அழுதாள். "அழுகாத புள்ள. சாமி என்ன கரெண்டாபீசா, சார்ஜைப் புடிச்சு வெக்கறதுக்கு? கடைக்காரர் சொன்னதக் கேக்காதவன் நான்தான்" என்றான் வேலன்.

ஆல்பம் ஒட்ட உட்கார்ந்தபோதுதான் கவனித்தான். பந்தியில் தண்ணீர் ஊற்றியவர்கள் வரை எல்லோரும் இருந்தார்கள். ராசாத்தாள் ஒரு படத்திலும் இல்லை. தன் பிழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்தவரைத் தானே எடுக்காமல் விட்டிருந்தான்.

புதுமணத் தம்பதி திருமூர்த்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த நாளில் ஆல்பத்தோடு போனான். முதல் வேலையாக நாலு கடிகாரத்துக்கும் புதுச் செல் போட்டு ஓடவிட்டான். பிறகு ராசாத்தாளிடம் வந்தான்.

"ஆத்தா, கொஞ்சம் வந்து நில்லுங்க."

"நானெதுக்குக் கண்ணு? பொண்ணு மாப்பிள்ளைய எடு."

கல்யாணப் பெண்ணே எழுந்துவந்து அத்தையின் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். ஃப்ளாஷ் அடித்தது. சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. நன்றியை எப்படிச் சொல்வதென்று வேலனுக்குத் தெரியவில்லை. இன்னொன்று எடுத்தான். அவரைத் தனியாக நிறுத்தி இன்னொன்று, நாற்காலியில் உட்காரவைத்து மேலும் ஒன்று.

ராசாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதுங்கண்ணு. செல்லு தீந்துபோயிரும்."

"தீரட்டுமுங்க ஆத்தா. ராத்திரி முழுக்க உங்களுக்குன்னுதானுங்க சார்ஜ் போட்டேன்."