கரண்ட் போன பிறகும் குளிர்ந்த ஏசி

ஒன்பது வயதில் எனக்கு ஒரே ஆசைதான். எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்கும் ஏசி வரவேண்டும். அதற்குக் குறுக்கே வந்து நின்றவர் என் சொந்த மாமா, அம்மாவின் தம்பி.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த மாமா, ஒரு சித்திரை ஞாயிறன்று இரண்டு மூட்டைகளோடு வந்து இறங்கினார். உள்ளே, சிறுசிறு பைகளில் மெழுகு. படுக்கையறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அவற்றை வரிசையாக அடுக்கினார்.

"பகல்ல சூட்டைக் குடிச்சு உருகும் அத்தான். ராத்திரி குளிர்ந்து மறுபடி கெட்டியாயிடும். ஏசியே வேணாம். ராத்திரி பூரா ஜன்னல் மட்டும் திறந்திருக்கணும்."

"பத்து நாள் பார்ப்போம். இது சரியா வந்துச்சுன்னா ஏசி கிடையாது" என்றார் அப்பா.

ஆனால் எங்கள் ஏரிக்கரைக் கொசுக்களை மாமா கணக்கில் எடுக்கவில்லை. ஆறு மணியானால் அம்மாவின் கை தானாகவே ஜன்னல்களைச் சாத்திவிடும். அன்றும் சாத்தியது. மறுநாளும் சாத்தியது. மாமா சொன்னதை நான் ஞாபகப்படுத்தியிருக்கலாம். படுத்தவில்லை. மூன்று பேரும் வேர்த்து விறுவிறுத்துத் தூங்கினோம்.

பத்தாம் நாள் காலை மாமா வந்தார்.

"மச்சான், உன் மெழுகு எங்களைத்தான்டா உருக்குது!" என்றார் அப்பா.

"அதுல மெழுகுவத்தியாவது ஊத்தியிருக்கலாம்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

மாமா ஒரு பையை எடுத்து அமுக்கிப் பார்த்தார். கொழகொழவென்று இருந்தது. முகம் சுண்டிப்போய் என்னிடம் கேட்டார்: "மருமகளே, ஜன்னல் திறந்துதானே இருந்துச்சு?"

கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டினேன்.

அந்த வாரமே ஏசி வந்தது. பைகளை இறக்க யாருக்கும் பொறுமையில்லை, மேலேயே கிடந்தன. ஏசியோ கொஞ்ச நேரம் ஓடினாலே அறை ஜில்லென்று ஆகிவிடும். "பார்த்து வாங்கினது யாரு!" என்று அப்பா மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரு நாள் மத்தியானம் தெரு முழுக்கக் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா விசிறியோடு வந்து எங்கள் படுக்கையறையில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு ஏசி நின்னா அஞ்சு நிமிஷத்துல அடுப்பாயிடுது. இங்க ஒரு மணி நேரமாச்சு, இன்னும் ஜில்லுனு இருக்கே!"

"எங்க ஏசி கரண்ட் இல்லாமலும் வேலை செய்யும் ஆன்ட்டி!" என்றேன் நான்.

அப்போதுதான் உள்ளே வந்த மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் சீலிங்கைப் பார்த்தார். எக்கி ஒரு பையை எடுத்து அமுக்கினார்; இந்தத் தடவை கெட்டியாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

தன்னைத் தோற்கடித்த ஏசியை நான் புகழ்ந்தால் மாமாவுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரியவே இல்லை.