தொண்டை கட்டிய தம்புரா

என் அப்பாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. மார்கழியில் பஜனை கோஷ்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு கழனிப் பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு தை மாதம், எனக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, "பாப்பா, கடலூர்ல அஞ்சு நாளு பாட்டுத் திருவிழாவாம். உன்ன அங்க பாட வெக்கிறேன்" என்றார். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாகூர்ப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த வருஷம் வெள்ளத்தில் கரும்பு மொத்தமும் அழுகிப் போயிருந்தது. வீட்டில் பாட்டுப் பைத்தியமாக இருந்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். அவர் காய்ச்சலில் செத்துப்போனபோது எனக்கென்று விட்டுப் போனவை ஏழெட்டுப் பாட்டுகளும் ஒரு தம்புராவும். அதன் நான்கு கம்பிகளையும் மீட்டினால் வீடே ரீங்காரம் போடும். அதன் குடத்தில் காதை வைத்துக்கொண்டுதான் நான் பாடுவேன். பாட்டுத் திருவிழா என்று அப்பா சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. பந்தலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது போலவும் நான் எழுந்து போவது போலவும் பகலிலேயே கனவு கண்டேன்.

புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா தம்புராவைத் தூக்கிக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனார். ரிப்பேராம். நன்றாக இருக்கிற தம்புராவுக்கு என்ன ரிப்பேர் என்று கேட்டேன். அதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். திரும்பி வந்தபோது குடத்தின் மேல்பலகையைச் சுற்றிப் புதுப் பசை வாசனை அடித்தது. ஆசையாகக் கம்பியைத் தொட்டேன். 'டொக்' என்றது. அவ்வளவுதான்.

"இன்னாப்பா இது, சத்தமே வரல?"

"பசை காயணும் பாப்பா. காஞ்சா பேசும். அதுவரைக்கும் தொடாத."

நான்கு நாளும் காய்ந்துதான் கிடந்தது. பேசவில்லை. அதோடு, தூக்கினால் கனத்தது. பசைக்கு இவ்வளவு கனமா என்று எனக்கு ஆச்சரியம். தம்புராவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஏன் அப்பாவோடு பேசாமல் இருக்கிறாள் என்பதும் விளங்கவில்லை.

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. சோரியாங்குப்பம் தாண்டி ஆற்றில் இறங்கி ஏறினால் இங்கிலீஷ்காரன் சீமை. அக்கரையில் சுங்கச் சாவடி. புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கிற வெளிநாட்டுச் சாமான் எதுவும் தீர்வை கட்டாமல் போய்விடக் கூடாது என்று அங்கே மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்து உதறுவார்கள். எங்கள் வண்டியையும் நிறுத்தினார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பாட்டுத் திருவிழாவுக்குப் போறோம் சாமி. பொண்ணு நல்லாப் பாடும்" என்றார் அப்பா. அத்தனை குழைவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. என் பாட்டை நல்ல பாட்டு என்று அவர் சொன்னதும் அதுதான் முதல் தடவை. பெருமை தாங்கவில்லை எனக்கு.

"அப்படியா! எங்க, சுருதி சேர்த்து ஒண்ணு பாடு கேப்போம்" என்றார் அதிகாரி.

நான் பொய் சொல்லத் தெரியாத பெண். அதைவிட, பாட்டு விஷயத்தில் பொய் சொல்லவே கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். "இது நாலு நாளா பேசலீங்க. ஆசாரி கையில குடுத்ததுல இருந்து இப்பிடித்தான். கல்லு மாதிரி கனக்குது" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாராவது பெரிய மனிதர் கேட்டால் சரி செய்து கொடுப்பார் என்று நினைப்பு.

அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. தை மாதக் காலை, பனி கூட இன்னும் விலகவில்லை. பொண்ணு பாடப் போகிறாளே என்கிற பதைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

"பரவால்ல, சும்மாவே பாடு" என்றார் அதிகாரி. நான் மாரியம்மன் மேல் சித்தப்பா கட்டிய பாட்டை எடுத்தேன். அவர் தம்புராக் குடத்தின் மேல் விரலால் தாளம் போட்டபடி கேட்டார். இரண்டாவது அடியில் அவர் விரல் நின்றது. குடத்தை இன்னொரு தடவை தட்டினார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தாளத்தைத் தன் தொடைக்கு மாற்றிக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "வரும்போதும் இதே வழியா வாங்க. தம்புராவுக்குக் குணமாச்சான்னு நான் பாக்கணும்" என்று சொல்லிக் கையை அசைத்தார். வண்டி நகர்ந்தது. அவர் ஏன் எங்களை விட்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடலூரில் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டுக்காரர் தம்புராவை உள்ளே எடுத்துப் போனார். மறுநாள் காலை அது என்னிடம் வந்தபோது காற்றைப்போல் லேசாக இருந்தது. கம்பியைத் தொட்டதும் பழையபடி கணீரென்று பாடியது. நான் அதைக் கட்டிக்கொண்டு குதித்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இருபது வருஷம் பிடித்தது. அப்பா போன பிறகு ஆசாரிதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்தக் குடத்துக்குள் பஞ்சு சுற்றி அவர் அடுக்கியது முழுக்க வெளிநாட்டுக் கைக்கடிகாரங்கள் என்று.

பந்தலுக்கு என்னை அழைத்துப் போகவே அப்பாவுக்கு மனமில்லை. நான் விடவில்லை. தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவர் மேடை ஏறும்போதும் அடுத்தது நான்தான் என்று தாவணியைச் சரிசெய்தேன். பொழுது சாய்ந்தது. "உன் பேரு நாளைக்கி இருக்குதாம்" என்று அப்பா வந்து சொன்னார். நாளை வந்தது. "ஊருக்குப் போலாம் பாப்பா" என்றார். யாரிடம் என் பேரைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

சாவடியில் அதே அதிகாரி. கம்பியை மீட்டிப் பார்த்தார். ரீங்காரம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"குணமாயிடுச்சு. சரி, பந்தல்ல என்ன பாடின?"

"பாடலீங்க. என் பேரக் கூப்புடவே இல்ல. அப்பா சொல்லி வெச்சிருந்தாரு, அவங்கதான் மறந்துட்டாங்க."

அதிகாரி அப்பா பக்கம் திரும்பினார். திட்டவில்லை. "பெட்டி, படுக்கை ஒண்ணும் அவுக்க வேணாம். எல்லாரும் உக்காருங்கடா" என்று சேவகர்களிடம் சொன்னார். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டார். "இங்க பாடு கண்ணு. மொத்தமும் பாடு."

புளிய மரத்தடியில், ஐந்தாறு சேவகர்களுக்கும் நின்றுபோன நான்கு வண்டிகளுக்கும் நடுவே, சித்தப்பா கொடுத்த அத்தனை பாட்டையும் சுருதி சேர்த்துப் பாடினேன். அதுதான் என் கச்சேரி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாட்டுக்கு ஆகாத என் அப்பா, மாட்டின் முதுகில் கை வைத்துத் திரும்பி நின்றவர், கடைசிவரை எங்கேயும் ஓடிப் போகவில்லை.

ஆற்றைத் தாண்டி எங்கள் சீமைக்குள் ஏறியதும் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். போகும்போது வேர்த்தது போதாது என்று வரும்போது அழுகை. எல்லாம்தான் நல்லபடியாக முடிந்ததே, எதற்கு அழவேண்டும்? யோசித்து யோசித்து, எனக்காகத்தான் அழுகிறார் என்ற முடிவுக்கு வந்தேன். பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டேன்.

"அழுவாதப்பா. நீ எம் பேரச் சொல்லித்தான வெச்ச, அவங்கதான் மறந்துட்டாங்க. அடுத்த வருசம் கூப்புடுவாங்க."

அதைக் கேட்டதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டார். மாடுகளும் நானும் வழி நடுவே காத்துக்கொண்டிருந்தோம், அவர் எப்போது அழுது முடிப்பார் என்று தெரியாமல்.