தலைக்கு மேல் இருந்தவர்கள்

எழுபதுகளில், நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிது. சிட்னிக்குத் தெற்கே ஒரு சிற்றூர் பப்பில், நானும் நண்பன் சிவமும் சுவரோரமாக உட்கார்ந்து சூடாகச் சூப் குடித்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று விளக்குகள் அணைந்தன. பேச்சு நின்றது. கணப்பின் சிவந்த வெளிச்சத்தில் அத்தனை பேரும் எழுந்து, எங்கள் பக்கம் திரும்பி, அசையாமல் நின்றார்கள்.

"மச்சான், எழும்படா, போவம்" என்றான் சிவம். நான் இருட்டில் கதவைத் தேடினேன். எங்கள் நிறம்தான் காரணம், இன்று தொலைந்தோம் என்று நினைத்தேன்.

விளக்குகள் எரிந்தன. சிரிப்பும் பேச்சும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

"பயந்துவிட்டீர்களா? இங்கே தினமும் இப்படித்தான்" என்று சூப் பரிமாறிய பெண்மணி எங்கள் தலைக்கு மேலே காட்டினாள். சுவர் முழுக்க, போருக்குப் போய்த் திரும்பாத அவ்வூர்ப் பையன்களின் படங்கள்.

இன்றும் யாராவது என்னை உற்றுப் பார்த்தால், முதலில் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.