மூன்று பொய்த் தூண்கள்

பத்தொன்பது வருஷம் டைல்ஸ் ஒட்டியவர் அவர். ஒட்டி முடித்ததும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார். அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் கதவு, மேசை எதையும் சும்மா விடமாட்டார். மாலைநேரக் கட்டடக்கலை வகுப்பில் 'டொக்கு அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பின்நவீனத்துவக் கட்டடக் கலைஞர்களைப் பற்றி வகுப்பில் பேசவேண்டும். போன தடவை மனப்பாடம் செய்து ஒப்பித்துக் கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் டிப்ளமோ கிடையாது. கம்பெனியில் சொல்லி வைத்திருக்கும் சூப்பர்வைசர் வேலையும் கிடையாது. முழங்கால்களோ இனி மண்டியிட மாட்டோம் என்று அடம்பிடித்தன.

நூலகத்தில் புரட்டப் புரட்ட அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அரண்மனைத் தூணைக் கொண்டுவந்து கடைவாசலில் நிறுத்துகிறார்கள். அது எதையும் தாங்குவதில்லை, அழகுக்கு நிற்கிறது. பெரிய மனிதர்களுக்கு இப்படியொரு குறும்பா? அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஊரிலேயே அப்படி ஒன்று இருந்தது: ரோஜா நிறத்தில், நான்கு குண்டுத் தூண்களோடு தபால் நிலையம். நான்குமே வெறும் அலங்காரம் என்றது பாடப்புத்தகம். ஞாயிற்றுக்கிழமை கணவரை இழுத்துக்கொண்டு போனார்.

"தூணைப் போய்த் தட்டுவியா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போறாங்க. நீங்க பையைப் பிடிங்க."

மூன்று தூண்கள் டொக்கு டொக்கென்றன. நான்காவது உள்ளே வெற்றிடமே இல்லாமல் கல்லுளிமங்கனாக நின்றது. மறுபடி தட்டினார். அதேதான்.

வகுப்பில் பேச எழுந்தார். எழுதிவந்த தாளில் புத்தகம் சொன்னபடி 'நான்கும்' என்றுதான் இருந்தது. அக்கா தாளை மடித்துவிட்டார்.

"மூணு தூண் சும்மா நிக்குது. வாசலுக்கு இடதுபக்கத் தூண்தான் பாரம் தாங்குது. மூணு பொய்க்கு நடுவுல ஒரு நிஜத்தை ஒளிச்சு வச்சிருக்கார், கட்டினவர். அதுதான் அவரோட விளையாட்டு. நான் தட்டிப் பார்த்தேன் மேடம்."

அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவரான விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலும் அலங்காரம்னு பாடப்புத்தகத்துல எழுதினதே நான்தாங்க."

'போச்சுடா' என்று அக்கா உட்கார்ந்தார்.

மறுநாள் மாலை மேடம் சிவந்துபோன விரல்முட்டியோடு வந்தார்.

"தட்டியும் பார்த்தேன், பழைய பிளானைத் தேடியும் பார்த்தேன்" என்றார்.

"நான் பாஸா மேடம்?"

"நீங்க பாஸ். என் புத்தகம்தான் ஃபெயில்."