மாலை நான்கு மணியளவில்

மாடியில் குடியிருக்கும் நைஜீரியாக்காரர் அன்று காலை பத்து மணிக்கு என் டிடிபி கடைக்குள் வந்தார். பென் டிரைவை மேசையில் வைத்தார். ஊரில் தன் அப்பா இறந்துவிட்டதாகவும், அடக்கத்துக்கு ஒரு புத்தகம் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து எப்போது என்று கேட்டேன். பதினொரு நாள் ஆகிறது என்றார்.

பதினொரு நாள்! அந்தப் பதினொரு நாளும் இந்த மனிதர் படியிறங்கிச் சிவகாசி பஸ் பிடித்துப் போய் வந்திருக்கிறார். அவர் மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போட்டிருக்கிறாள். முந்தாநாள் நான் கொடுத்த பருப்புத் துவையலை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். என் தலைக்கு மேலே ஒரு சாவு வீடு இருந்திருக்கிறது, நான் கீழே உட்கார்ந்து பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகைக்கு மயில் படம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அடக்கம் எல்லாம் முடிஞ்சிருச்சா?"

இல்லை, இன்னும் ஏழு வாரம் இருக்கிறது என்றார்.

"ஏழு வாரமா? அம்புட்டு நாளும் அவுக எங்கன இருப்பாக?"

பதற்றத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது. ஊர் ஆஸ்பத்திரிப் பிணவறையில், குளிர்பெட்டியில் என்றார். சாதாரணமாக, அரிசி டின்னுக்குள் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அவர்கள் மாடிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒனிட்சா என்ற பெரிய சந்தை ஊர்ப் பக்கம். அங்கத்து வியாபாரிகளிடம் பள்ளி நோட்டுக்கும் சுவர்க் காலண்டருக்கும் ஆர்டர் எடுத்து, சிவகாசியில் அடித்து, தூத்துக்குடியிலிருந்து லோடு ஏற்றிவிடுவது அவர் தொழில். காலண்டருக்குப் படம் சேர்த்துக் கொடுப்பது நான். அந்தப் பழக்கத்தில்தான் வீடு கேட்டார். கொடுத்தபோது எதிர்வீட்டு அம்மாள், "போயும் போயும் கருப்பாளுகளுக்கா வீடு குடுக்க?" என்றாள். "ஆமா, நீங்களும் நானும் லண்டன்ல பெறந்து வெளுத்துல்ல கெடக்கோம்" என்றேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் நிம்மதி.

அவர் பேசுவது ஆங்கிலம். எனக்குத் தெரிந்தது அச்சகத்து ஆங்கிலம். அவர் மனைவிதான் எங்கள் தெருத் தமிழை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் மூவரும் மாடிப்படியில் உட்கார்ந்தால் அவர்கள் ஊரும் எங்கள் ஊரும் அலசப்படும்.

"இங்க யாருமே காலைல வணக்கம் சொல்ல மாட்டேங்காக அக்கா. எங்க ஊர்ல பெரியவங்களக் கண்டும் காணாமப் போனா வீட்டுக்கு ஆள் விட்டு ஏசுவாக. இங்க 'சாப்பிட்டீகளா'ன்னு கேக்காக, பதில் சொல்றதுக்குள்ள போயிர்றாக" என்பாள் அவள்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டைப் படம் எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பினாளாம். ஆடு நிற்கிறதே, இது என்ன வெளிநாடு, பனி எங்கே என்று தங்கை கேட்டாளாம். வெளிநாடு என்றாலே பனி பெய்ய வேண்டும் அவர்களுக்கு. இங்கே கரண்டு போனால் நாங்கள் மின்வாரியத்தைத் திட்டுகிறோமே, அதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர்கள் ஊரில் கரண்டு போனால் யாரும் மூச்சு விடமாட்டார்களாம். வந்தால்தான் தெருவே கத்துமாம். அவருக்கு இதிலெல்லாம் சிரிப்பு குறைவு. ஊரில் அப்பா பெயரைச் சொன்னால் எழுந்து நாற்காலி போடுவார்கள், இங்கே பாஸ்போர்ட்டைக் காட்டினாலும் சிம் கார்டு தர யோசிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் எனக்குச் சொந்த மாமன் மகன் என்று தெரிந்த அன்று அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ரத்த உறவில் கல்யாணமா என்று கண் பிதுங்கப் பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம். "வேற யாரக் கட்டச் சொல்லுத? ரோட்ல போறவனையா?" என்றேன். அவள் பயந்து எழுந்து போய், அரை மணி நேரம் கழித்துப் பொரித்த வாழைப்பழத்தோடு வந்தாள்.

அவளிடம் நான் பிடி கொடுக்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மகன் எப்ப வருவாரு?" என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அவன் அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது, அந்தக் காரியத்துக்கு வந்து போனவன் பிறகு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசுவான். மழையா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். ஆமத்தூரில் இருக்கும் அவன் சித்தப்பாவோடு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. தான் வந்து முகம் பார்ப்பதற்குள் அப்பாவைத் தூக்கச் சொன்னவர் அவர் என்று கோபம். பங்குனிப் பொங்கலில் அவனைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டியவர் அந்தச் சித்தப்பா.

அன்றைய காலைக்கே திரும்பி வருகிறேன். ஏழு வாரம் என்று கேட்ட அதிர்ச்சியை விழுங்கிக்கொண்டு, அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சாவு வேலை என்றால் என் கை தானாக ஓடும். இந்தப் பக்கம் எந்தப் பட்டாசு ஆலையிலாவது வெடிச்சத்தம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் என் போன் அடிக்கும். சில நாள் ஒரே போஸ்டரில் ஐந்து முகம் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுப்பதை வாங்கி அன்றே முடித்துவிடுவார்கள், போஸ்டர் அதற்குள் சுவரில் இருக்க வேண்டும். செய்தி வந்து பத்தே நிமிடத்தில் கண்ணீர் அஞ்சலி முடித்துத் தருவேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பத்து நிமிடத்துக்குக் காரணம், நான் புதிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒரே ஃபைல்தான். படத்தையும் பெயரையும் மாற்றிப் புதுப் பெயரில் சேமித்துக்கொள்வேன். அந்த மூல ஃபைல் என் வீட்டுக்காரருடையது. திறந்ததும் அவர் முகம் வரும், எடுத்துவிட்டு அடுத்தவரை வைப்பேன். நான்கு வருடமாக அப்படித்தான். அன்றும் என் வீட்டுக்காரரை எடுத்துவிட்டு, மாடிக்காரரின் அப்பாவைக் கருப்பு வெள்ளையாக்கி வைத்து, சுற்றிலும் கருப்புக் கட்டம் போட்டு, மேலே கண்ணீர் விடும் கண் இரண்டையும் அப்படியே விட்டு, மாதிரிக்கு ஒன்று அச்செடுத்து நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கையிலிருந்து தாளை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என் அப்பாவை ஏன் இருட்டில் வைத்திருக்கிறீர்கள்?"

பென் டிரைவில் இருந்ததைக் காட்டினார். எல்லாம் வண்ணப்படம். சிவப்புத் தொப்பியோடு அப்பா சிரிக்கிறார், அப்பா ஆடுகிறார், அப்பா கோழிக்காலைக் கடிக்கிறார். நாற்பது பக்கம். ஒவ்வொரு பிள்ளையும் பேரப்பிள்ளையும் எழுதிய அஞ்சலி, பாட்டுகள், எந்தத் துணியை எந்தக் குடும்பம் உடுத்த வேண்டும் என்பதுவரை. எண்பத்திரண்டு வயது வாழ்ந்த மனிதரை ஓடி ஓடிப் புதைத்தால், இவருக்கு ஆளே இல்லை போலிருக்கிறது என்று ஊர் சொல்லுமாம். வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து தங்கை வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் மூத்த மகன் வர வேண்டும். அவன் முதல் பிடி மண் போடாமல் குழியை மூட மாட்டார்கள். மூத்த மகன் இவர்தான்.

"எங்களை யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்டார்.

எங்களிடமும் மூத்த மகன்தான் கொள்ளி வைப்பான் என்று மட்டும் சொன்னேன், நாங்களும் உங்களைப்போலத்தான் என்று காட்டிக்கொள்ள. அதுதான் நான் செய்த தப்பு. அவர் தாளின் அடியில் நான் மாற்ற மறந்திருந்த தமிழ் வரிகளில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். படித்தேன். "அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை 4 மணியளவில் அவரது இல்லத்திலிருந்து புறப்படும்." அதன் கீழே மகன் என்று போட்டு என் மகன் பெயர் இருந்தது.

"உங்கள் மகன் அங்கே இருந்தாரா?"

"இல்ல. பிளேன்ல இருந்தான்."

"அப்படியானால் நெருப்பு வைத்தது?"

"கொழுந்தனார் மகன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி என் மாமன் மகன் கதையைக் கேட்டபோது முழித்ததைவிடப் பெரிய முழி. பிறகு மிக மெதுவாக, என்னை ஏச நினைக்காமல், உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"விமானம் கீழே இறங்கியிருக்குமே?"

நான் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வெளிநாடு வந்த எங்கள் ஆட்களுக்கு ஒரே பயம் ஊரிலிருந்து நேரம் தப்பி வரும் போன்தான், ஆனால் நாம் போகும்வரை அப்பா காத்திருப்பார் என்ற தைரியம் உண்டு, அது இல்லாவிட்டால் யாருமே ஊரைவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டோம் என்றார். பென் டிரைவை விட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று மாடிக்குப் போய்விட்டார்.

கடையில் நான் மட்டும் இருந்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முந்தி, சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் போனார். மகன் மறுநாள் காலை ஒன்பதரைக்கு மதுரையில் இறங்குவதாகத் தகவல் சொல்லிவிட்டான். ஐஸ் பெட்டி வந்து அவரை உள்ளே வைத்தாகிவிட்டது. கொழுந்தனார் என்னிடம் வந்து, "மதினி, பய வந்துரட்டும். நாளைக்கு எடுப்போம்" என்றுதான் சொன்னார். மறுநாள் சனிக்கிழமை, சனிப் பிணம் துணை தேடும், எடுத்தால் பாடையில் கோழி கட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எதிர்வீட்டில் விடிந்தால் நிச்சயதார்த்தம். இதெல்லாம் காரணம்தானா என்று எனக்கே தெரியாது. அந்தப் பெட்டி போட்ட இரைச்சலையும், கண்ணாடியில் வழிந்த தண்ணீரையும் இன்னொரு ராத்திரி முழுக்கப் பார்க்க என்னால் முடியாது என்று இருந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது.

போஸ்டரை வேறு யார் செய்தாலும் எழுத்தில் தப்பு விடுவார்கள் என்று நானே வந்து உட்கார்ந்தேன். புருசன் செத்து ஏழு மணி நேரத்தில் கீபோர்டு தட்டினாளே என்று தெருவே பேசியது, பேசட்டும். நேரம் போடும் இடம் வந்தது. யாரையும் கேட்கவில்லை. 4 என்று நான்தான் தட்டினேன். அப்போது மணி ஒன்று. கீபோர்டுக்குப் பக்கத்தில் போன் அடித்தது. மகன். ஓய்ந்து திரும்ப அடித்தது. மூன்று தடவை. எடுத்தால் காத்திரு என்பான் என்று தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். சுவரில் ஒட்டியதை ஊர் பார்த்த பிறகு கொழுந்தனாரால் என்ன செய்ய முடியும்?

மறுநாள் மகன் ஆட்டோவிலிருந்து இறங்கி, காலியாகக் கிடந்த பந்தலைப் பார்த்துவிட்டு, "யாரு எடுக்கச் சொன்னது?" என்று கத்தினான். கொழுந்தனார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நாந்தேம்ப்பா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு வருடமாகத் திறக்கவில்லை.

அன்று மாடிக்காரர் போன பிறகு மகனுக்குப் போன் அடித்தேன். அங்கே காலை எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் அடித்ததால் எடுத்த வேகத்தில், "என்னம்மா? யாருக்கு என்ன?" என்றான்.

"யாருக்கும் ஒண்ணுமில்லய்யா. ஒங்க அப்பாவ நாலு மணிக்கு எடுக்கச் சொன்னது சித்தப்பா இல்ல. நாந்தேன்."

பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

"நான் ஏர்போர்ட்ல இருந்து மூணு தடவ அடிச்சேனேம்மா. நீ மயக்கமா கெடந்தேன்னு சொன்னாக."

"மயக்கமெல்லாம் இல்ல. போஸ்டர் அடிச்சுக்கிட்டு இருந்தேன். போனு பக்கத்துலதான் இருந்துச்சு. பாத்தேன்."

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சித்தப்பா நம்பர அனுப்பு. நான் அழிச்சிட்டேன்" என்றான். வைத்துவிட்டான்.

மாடிக்காரரின் புத்தகத்தை வண்ணத்தில் நாற்பது பக்கமும் முடித்துக் கொடுத்தேன். பதினேழு நாள் ஆனது. ஒரு சாவு வேலைக்கு நான் எடுத்துக்கொண்ட அதிக நேரம் அதுதான். போன வாரம் அவரும் மனைவியும் பெட்டி நிறையப் புத்தகங்களோடு ஊருக்குக் கிளம்பினார்கள். அவர் அப்பா அங்கே இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மகனுக்கு நம்பர் அனுப்பிய இரண்டாம் நாளே கொழுந்தனார் ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கடைவாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பய பேசுனான் மதினி, ஒரு மணி நேரம்" என்றார். பிறகு, "ஒங்ககிட்டப் பேசுனானா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் பேசாமலே ஐந்து ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. போன் கீபோர்டுக்குப் பக்கத்தில் அதே இடத்தில்தான் கிடக்கிறது, நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.