எடை இறங்கும்படி வேண்டினேன்

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால் மணி. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தூறல், எதிர்வீடு தெரியாத மூட்டம். ஆறு வயதான என் பேத்தி தேன்மொழியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் அவ்வளவு வீங்கியிருந்தன. காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

அவள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது ஒரு கிலோ முந்நூறு கிராம். அன்று முதல் வெள்ளிதோறும் எங்கள் ஊர் மாரியம்மனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பிள்ளைக்கு எடை ஏற வேண்டும். புளி வாங்கும் சங்கத்தில் எடை போட்டே ஓய்வு பெற்றவன் நான். வீட்டுத் தராசில் அவளை அடிக்கடி நிறுத்துப் பார்ப்பேன். அந்த மாதம் இரண்டே வாரத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

மருமகள் செல்விதான் நம்பவில்லை. “மாமா, மூஞ்சி ஊதினாப்பல இருக்குதுங்க. ஒண்ணுக்கும் சரியா போவல.”

“புள்ளைக்கு சதை புடிக்குது. பெத்தவளே கண்ணு வெக்காத” என்று அதட்டிச் சுற்றிப் போடச் சொன்னேன். அடுத்த நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை.

ஆலங்காயம் வழியாக மலையிறங்கிப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே பிறந்த எடை என்ன என்பதுதான்.

“ஏறினது சதை இல்லைங்க ஐயா, தண்ணி” என்றார். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதாம். ரத்த அழுத்தமும் அதிகம். சிறுநீரகத்தில் வடிகட்டிகளின் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் உருவாகுமாம். முந்திப் பிறந்த குழந்தைக்கு அவை குறைவாக இருக்கலாம். வளர்ந்தபின் புதிதாக முளைக்காது. அதனால் இந்த நோயைத் தாங்கும் தெம்பு இவளுக்குக் குறைவு. மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் சிறுநீரகமே கெடலாம் என்றார்.

வார்டு வாசலில் கண்ணை மூடினேன். “தாயே, ஆறு வருஷமா எடையை ஏத்துன்னு கேட்டேன். இப்ப எறக்கு. எத்தினி எறங்குதோ அத்தினி சாமையைப் பொங்கி வெக்கிறேன்.”

மருந்து தொடங்கி ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. எட்டாம் நாள் சிறுநீர் நன்றாகப் போயிற்று. பிறகு தினமும் எடை இறங்கியது. மூன்று கிலோ நூறு கிராம் குறைந்து, பழைய ஒல்லிக்குச்சியாக அவள் தராசில் நின்றபோது தேம்பிவிட்டேன்.

“இன்னா மாமா, ஏறுனா குதிக்கிறீங்க, எறங்குனா அழுவுறீங்க?” என்றாள் செல்வி. அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

இப்போது தேன்மொழி பள்ளிக்கூடம் போகிறாள். அழுத்தமும் சிறுநீரும் தவறாமல் சோதிக்கிறோம். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுப்பதில்லை. உப்பு மட்டு. என் வேண்டுதலும் மாறிவிட்டது. இது வேண்டும் அது வேண்டும் என்று அம்மனுக்கு நான் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளை நன்றாயிருக்கட்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் மாதம் முந்தி, எடை குறைந்து பிறந்த பிள்ளை இருந்தால் அம்மனை நம்பி வேண்டுங்கள். வேண்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். அங்கேயும் அவள்தான் இருக்கிறாள்.

தேன்மொழியும் சாப்பிட வேண்டுமென்று, நேர்ந்துகொண்ட சாமையை உப்பில்லாமல் பொங்கினோம். “இன்னா பெருசு, உப்பையும் எண்ணி மிச்சம் புடிச்சுட்டியா?” என்று பூசாரி கேட்க, கோயிலே சிரித்தது.

மருந்துக்கு ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. பஸ்ஸும் சாப்பாடும் மகன் செலவு. நான் கொடுத்தது சாமைக்கு மட்டும்: கிலோ தொண்ணூறு வீதம், இருநூற்று எழுபத்தொன்பது ரூபாய்.